டிவோலிப் பூங்காவில் ஒரு நாள்

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால் கடல் சூழ அமைந்த சிறு நாடு டென்மார்க்கு. அதன் தலைநகராகிய கோபன்ஹேகனில் புகைவண்டியை விட்டு இறங்குவோர், நடு நிலையத்தின் வாயிலைக் கடந்து சாலையின் மறுபுறம் நோக்கின் ஒரு பூங்காவைக் காண்பர். உள்ளே மரங்கள் அடர்ந்து தழைத்திருக்கும். மரங்களின் உச்சிக்கும் மேலே ஊஞ்சல்கள் வானில் சுழலும். இசையொலியும் சிறுவர் கூச்சலும் கலந்து தெருவரையிலும் வந்து கேட்கும். அதுவே டிவோலிப் பூங்கா. நிலம் பொன்னினும் அரிதாகிய தலைநகரின் நடுவே, ஏறத்தாழ 20 ஏக்கர் பரப்பில், 1843 ஆம் ஆண்டு முதல் மக்களின் களிப்புக்கென்றே அஃது இருந்து வருகின்றது.

இதனை அமைத்தவர் ஜார்ஜ் கார்ஸ்டென்சன் என்பவர். டேனிய அரசுப் பணியாளர் ஒருவரின் மகனாக 1812 இல் வட ஆப்பிரிக்காவிலுள்ள அல்ஜியர்சு நகரில் பிறந்தவர். பாரிசிலும் இலண்டனிலும் மக்கள் கூடிக் களிக்கும் பூங்காக்களின் புகழை அவர் அறிந்திருந்தார். அத்தகைய பூங்கா ஒன்று தம் நாட்டிலும் வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு எழுந்தது. அந்நாளில் டென்மார்க்கு முடியாட்சி நாடு. அரசர் எட்டாம் கிறிஸ்டியன் இசைந்தாலன்றி ஒன்றும் நடவாது. களித்திருக்கும் மக்கள் அரசியலைப் பற்றி எண்ணமாட்டார்கள் என்று கூறி அவர் அரசரை இசைவித்ததாகச் சொல்லுவர். காரணம் எதுவாயினும், மேற்கு வாயிற் கோட்டைமதிலின் புறத்தே ஐந்தாண்டுக் காலத்திற்கு நிலம் கிடைத்தது. 1843 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15 ஆம் நாள் பூங்கா திறக்கப்பெற்றது. ஐந்தாண்டிற்குப் பெற்ற இசைவு ஒரு நூற்றாண்டையும் கடந்துவிட்டது. (இதே அரசர் காலத்தில்தான், 1845 இல், தமிழகத்துத் தரங்கம்பாடியை டேனியர் ஆங்கிலேயருக்கு விற்று நீங்கினர்.)

பூங்காவினுள் நுழைந்ததும் வளைந்து நெளிந்த ஏரி ஒன்று கண்ணைக் கவரும். அழகுக்காக வெட்டிய குளம் என்றே புதியவர் எண்ணுவர். பகைவர் நகருட் புகாதவாறு முன்னோர் தோண்டிய அகழியின் எச்சமே அது. கோட்டைமதில் போயிற்று, அகழி மட்டும் பூக்களின் நடுவே தங்கிவிட்டது.

தொடக்கத்திலேயே பூங்காவில் கீழ்நாட்டுப் பாங்கில் அமைந்த கட்டடங்களும் வண்ண விளக்குகளும் இருந்தன. சிறுவர்க்குக் கதை எழுதிப் புகழ் பெற்ற ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் இங்கு வந்து சென்ற நாளிலேயே, சீனப் பேரரசனையும் பாடும் பறவையையும் பற்றிய தம் கதையை எழுதத் தொடங்கினார்.

இங்குள்ள விளையாட்டுப் பொறிகள் பல. 2004 இல் அமைந்த 'பூதம்' என்னும் இருப்புப்பாதை வண்டி மனிதரைத் தலைகீழாகப் புரட்டி எடுக்கும். 2006 இல் அமைந்த சுழலூஞ்சல் 80 மீட்டர் உயரத்தில் நகரத்துக் கோபுரங்களுக்கு மேலே சுற்றி வரும். இளைஞர் முதலில் ஓடுவது இவற்றை நோக்கியே. ஆயினும், ஒன்றே ஒன்றில் ஏறப் பொழுதிருப்பவர் 1914 இல் மரத்தால் அமைத்த பழைய மலைவண்டியில் ஏறுவதே தக்கது. உலகில் இன்றும் ஓடும் மலைவண்டிகளுள் மிகப் பழையவற்றுள் அஃது ஒன்று. ஏனைய இடங்கள் பெரும்பாலானவற்றில் வண்டியின் விரைவை அடக்குவது தண்டவாளத்தில் பொருத்திய கருவி. இங்கோ ஒவ்வொரு வண்டியிலும் ஓர் ஆள் பயணிகளோடு தானும் அமர்ந்து, நெம்புகோலைக் கையாற் பற்றி, இறக்கத்தில் விட வேண்டிய அளவு விட்டும் வளைவில் பிடிக்க வேண்டிய அளவு பிடித்தும் செலுத்துகின்றார். பாதையின் ஒவ்வொரு வளைவும் அவர் கைக்குத் தெரியும். மழையில் நனைந்த தண்டவாளத்தின் இயல்பு வேறு, காய்ந்ததன் இயல்பு வேறு. வண்டி நிறைந்திருப்பதற்கும் வெறுமையாயிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. இவற்றையெல்லாம் உணர்ந்து செலுத்தும் மனிதரின் அருகே அமர்ந்து அஞ்சுவது, பொறியிடம் அகப்பட்டு அஞ்சுவதினும் இனிது.

அடுத்துக் காணத்தக்கது ஊமைக்கூத்து மேடை. 1874 இல் எழுந்த இம்மேடைக்குத் திரையாக விளங்குவது தோகை விரித்த மயிலின் உருவம். கூத்துத் தொடங்கும்போது மயில் தன் தோகையை இருபுறமும் மடக்கிக்கொள்வது போலத் திரை விலகும். இத்தாலி நாட்டில் தோன்றிய பழங்கூத்தின் வழிவந்த கதைகளே இங்கு நடிக்கப்பெறுகின்றன. காசாண்டர் என்னும் முதியவர், அவர் மகள் கொலம்பைன், அவளை விரும்பும் ஹார்லெகின், வெள்ளை முகமும் மந்த அறிவும் உடைய வேலையாள் பியரோ ஆகிய நால்வரே தலைமை மாந்தர். பேச்சு இல்லையாதலால் எந்நாட்டவரும் கதையை அறியலாம். பார்ப்போர் திறந்த வெளியில் நின்று காண்பர். தனிக் கட்டணம் இல்லை. கூத்து முடிந்ததும் ஏதேனும் பேசுமாறு டேனியச் சிறுவர் பியரோவைக் கூவி அழைப்பர். அதுவரை வாய்திறவாத அவன் திரைக்கு முன் வந்து சில சொற்கள் பேசுவான். அதைக் கேளாமல் சிறுவர் வீடு திரும்பார்.

1844 முதல் இப்பூங்காவிற்கெனச் சிறுவர் காவற்படை ஒன்றும் உண்டு. செந்நிறச் சட்டையும் உயர்ந்த மயிர்த்தொப்பியும் அணிந்து, இசைக்கருவிகளை முழக்கி, அவர்கள் பூங்காவினூடே அணிவகுத்துச் செல்வர். முன்னர்ச் சிறுவர் மட்டுமே இருந்தனர். இப்பொழுது சிறுமியரும் உள்ளனர்.

இத்தகைய இடத்தையும் பகைமை விட்டுவைக்கவில்லை. 1940 ஏப்பிரல் 9 ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கினுட் புகுந்து கைப்பற்றின. வானூர்திகளுக்கு நகரம் புலப்படாதிருக்க இரவில் விளக்குகளை மறைத்தல் வேண்டும் என்பது ஆணை. விளக்கில்லாத டிவோலி எதற்கு ஆகும்? பூங்காவின் கட்டடக் கலைஞராகிய பவுல் ஹென்னிங்சன், கீழே ஒளி பரப்பி மேலிருந்து நோக்குவார்க்குத் தோன்றாத விளக்கு ஒன்றை 1941 இல் வகுத்தார். அதனால் நகரம் இருளில் ஒடுங்கியிருந்த நாளிலும் பூங்கா நள்ளிரவு வரை திறந்திருந்தது. அயலார் ஆட்சியில் வாய் திறந்து பேச அஞ்சிய மக்கள் இங்கு வந்து கூடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மகிழ்ந்தனர். ஹென்னிங்சன் 1943 இல் சுவீடன் நாட்டிற்குத் தப்பிச் செல்ல நேர்ந்தது.

விடுதலை வீரர்கள் ஜெர்மானியருக்குப் பயன்பட்ட தொழிற்சாலைகளைத் தகர்த்து வந்தனர். அதற்குப் பழிவாங்குவோராய், ஆதிக்கத்தாருக்குத் துணைநின்ற கைக்கூலிகள், மக்கள் நெஞ்சுக்கு இனியவற்றைத் தேடி அழித்தனர். 1944 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் நாள் டிவோலியில் குண்டுகள் வெடித்தன. இசையரங்கம் எரிந்து சாம்பலாயிற்று. வேறு பல கட்டடங்களும் வீழ்ந்தன. அதே நாட்களில் மாலை நேரத்தில் வெளிவரலாகாது என்னும் தடையும் பிறந்தது. தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். நகரமெங்கும் பெரிய வேலைநிறுத்தம் மூண்டது. பூங்காவினரோ எரிந்த இடத்தைத் துப்புரவாக்கித் தற்காலிகக் கட்டடங்களை எழுப்பினர். சில கிழமைகளுக்குள் டிவோலி மீண்டும் திறக்கப்பெற்றது. புதிய இசையரங்கம் 1956 இல் எழுந்தது. இன்று இசை கேட்க அதனுள் அமர்வோர் பலர்க்கு, அதன் அடியில் சாம்பல் இருந்த செய்தி தெரியாது.

அமெரிக்க நாட்டு வால்ட் டிஸ்னி 1951 இல் இங்கு வந்து பூங்காவைச் சுற்றிப் பார்த்தார். அவர் தம் பெரும்பூங்காவைக் கலிபோர்னியாவில் 1955 இல் திறந்தார். டிவோலியை நிறுவிய கார்ஸ்டென்சனுக்கு அத்தகைய செல்வம் வாய்க்கவில்லை. 1848 இல் பூங்காவை விட்டு நீங்கிய அவர், அயல்நாடுகளில் அலைந்து, நியூயார்க்கில் 1853 இல் திறந்த கண்ணாடி மாளிகையை மற்றொருவருடன் சேர்ந்து வகுத்து, 1857 இல் தம் நகரிலேயே 44 ஆம் வயதில் காலமானார்.

டிவோலியைக் காணச் செல்வோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். ஆண்டு முழுவதும் அது திறந்திருப்பதில்லை. கோடையே தலைமைக் காலம். நுழைவுச் சீட்டு வேறு, பொறிகளில் ஏறுவதற்குரிய சீட்டு வேறு. பூக்களையும் கூத்தையும் கண்டு உலவ விரும்புவார்க்கு முன்னதே போதும். பலவற்றில் ஏற விரும்புவோர் நாள் முழுமைக்கும் உரிய சீட்டை வாங்குதல் சிக்கனம். உணவு விடுதிகளில் விலை மிகுதி. ஆதலின் டேனியர் பலர் கறுப்பு ரொட்டியின்மேல் வெண்ணெயும் மீனும் இட்டுப் பொதிந்து கொண்டுவந்து மரநிழலில் அமர்ந்து உண்பர். அவ்வாறு செய்தலை இங்கு யாரும் இழிவாகக் கருதுவதில்லை.

யாவற்றினும் முதன்மையானது, காலையில் வந்து மாலையில் திரும்பிவிடாமை. வடநாடாதலின் ஜூன் திங்களில் ஞாயிறு மறைய இரவு 10 மணியளவாகும். ஆகஸ்டில் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. பிற்பகலில் புகுந்து மலைவண்டியில் ஏறி, கூத்துக் கண்டு, உண்டு இளைப்பாறி, ஏரிக்கரையில் ஓர் இருக்கையில் அமர்ந்துவிட வேண்டும். வானம் நீலம் கறுக்கும்போது மரக்கிளைகளிலும் கட்டட விளிம்புகளிலும் எண்ணிறந்த சிறு விளக்குகள் ஒளிரத் தொடங்கும். கரையோரத்தில் சுருள் வடிவான விளக்குகள் மெல்லச் சுழன்று நீரில் ஒளி வளையங்களை இடும். அவை போர் ஓய்ந்தபின், 1949 இல், ஹென்னிங்சன் வகுத்தவை. வானிலிருந்து பார்ப்போருக்கு அவற்றின் ஒளியை மறைக்க வேண்டிய தேவை அப்பொழுது அவருக்கு இல்லை.