எட்டடிப் பலகையில் ஒரு பாய்ப்படகு

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பாய்ப்படகைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். தாமிரபரணியில் நாம் கண்டதெல்லாம் படித்துறையும் குளிக்கும் எருமையும்தான். ஆனால் அப்ளைடு மெக்கானிக்ஸில் அரியர் வைத்திருந்த எனக்குத் திருப்புத்திறன் என்றால் என்ன என்று புரிய வைத்தது 'ஆப்டிமிஸ்ட்' என்னும் சிறுவர் பந்தயப் படகுதான்.

1947-இல் அமெரிக்காவின் புளோரிடாவில், கிளியர்வாட்டர் என்ற ஊரில், கிளார்க் மில்ஸ் என்பவர் இதை வடிவமைத்தார். செலவு 50 டாலருக்குள் அடங்க வேண்டும், பிள்ளைகள் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். பிளைவுட் ஷீட்டோ எட்டடிக்கு நாலடிதான். மூக்கைக் கூராக்கினால் நீளம் பத்தாது. எனவே மொட்டையாக வெட்டிவிட்டார்.

என் அப்பா தச்சு வேலை செய்பவர். இதைச் சொன்னதும், "ரெண்டு ஷீட்டுல முடிச்சிட்டானால? கெட்டிக்காரன்தான்" என்றார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆனாலும் அந்த மொட்டை மூக்கின் அருமை என்னைவிட அவருக்குத்தான் சட்டென்று விளங்கியது.

இப்போது ஃபைபரில் செய்கிறார்கள். நீளம் சுமார் 2.3 மீட்டர், வெற்றுப் படகின் எடை 35 கிலோ. ஒரு பாய், ஒரே பிள்ளை. 15 வயதுவரைதான் போட்டியிடலாம்.

பாடத்துக்கு வருவோம். காற்று பாயில் மோதும்போது படகு பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். நடுவில் செருகி நீருக்குள் இறக்கிய பலகை அதைத் தடுக்கும். மிஞ்சிய விசை படகை முன்னே தள்ளும். அதனால்தான் காற்றுக்கு எதிர்த்திசையிலும் போக முடிகிறது. நேராக அல்ல, சுமார் 45 டிகிரி விலகி, இடமும் வலமுமாக மாறி மாறி.

மேலே பாயில் ஒரு தள்ளு, கீழே பலகையில் எதிர்த்தள்ளு. இரண்டும் சேர்ந்து படகைக் கவிழ்க்கப் பார்க்கும். அதைத் தடுக்க இருப்பது முக்கியமாகப் பிள்ளையின் எடைதான். 40 கிலோ பிள்ளை நடுக்கோட்டிலிருந்து 0.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 40 × 9.81 × 0.5 = 196 நியூட்டன் மீட்டர். பாதத்தை வாரில் மாட்டி, உடம்பை வெளியே சாய்த்து 0.8 மீட்டர் ஆக்கினால் 314. எடை அதேதான், தூரம்தான் கூடியது! காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அப்போது சாய்ந்தும் பயனில்லை, பாய்க்கயிற்றைத் தளர்த்தியே ஆக வேண்டும்.

வயது தாண்டியவர்கள் பலர் அடுத்து ஏறுவது 'லேசர்' படகில். அதில்தான் சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணாக, 2021-இல் டோக்கியோ சென்றார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்றார். வேலூரிலும் கடல் இல்லை, கவனியுங்கள்.

50 டாலர் படகு இன்று நம் வீடுகளுக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். என் அரியர் போன நவம்பரில் கிளியர் ஆனது. அப்பாவோ, "அந்த அளவயெல்லாம் ஒரு தாள்ல வரஞ்சு குடுல, நயினார்குளத்துல விட்டுப் பாப்போம்" என்கிறார். 1:10 அளவில் பாதி வரைந்திருக்கிறேன்.