கை நடுங்கினால் பயமா?

கேள்வி: போக்கர் மேசையில் பெரிய தொகை வைக்கும்போது எதிராளியின் கை நடுங்கியது. மோசமான சீட்டை மறைக்கும் ‘பிளஃப்’தான் என்று நம்பி, அதே தொகையைப் போட்டு ‘கால்’ செய்தேன், தோற்றேன். எங்கே தவறு?

பதில்: நடுக்கம் என்றாலே பயம் என்று எண்ணியதுதான் தவறு. நல்ல சீட்டு விழுந்த பரபரப்பிலும் கை நடுங்கும். பொய்யாகப் பந்தயம் கட்டுபவரோ பெரும்பாலும் மூச்சைக்கூட அடக்கி அசையாமல் இருப்பார். எதிராளிகளின் உடல்மொழி பற்றி போக்கர் எழுத்தாளர் மைக் காரோ 1984-இல் எழுதிய நூலின் சாரம் இது: சீட்டு மோசமானால் வீறாப்பு, பிரமாதமானால் பெருமூச்சு, அலுப்பு. நடிப்பவர் எதை நம்பவைக்கப் பார்க்கிறாரோ, உண்மை பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும்.

ஆனால் ஆளின் இயல்பு தெரியாமல் அறிகுறி பார்ப்பது வீண். நீங்கள் ஆடாமல் ஒதுங்கிய சுற்றுகளில்தான் கவனிக்க வேண்டும்: சிப்ஸை எப்படித் தள்ளுகிறார், எப்போது பேச்சை நிறுத்துகிறார், கடைசியில் என்ன சீட்டைக் காட்டுகிறார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கணக்கு. நடுவில் 1,000 இருக்க அவர் 500 வைத்தால், 1,500-ஐ வெல்ல நீங்கள் 500 போடுகிறீர்கள். நான்கில் ஒருமுறை வென்றாலே நஷ்டமில்லை. அடுத்து, தொடக்கத்திலிருந்து அவர் பந்தயம் கட்டிய விதம் பொருந்துகிறதா என்று பாருங்கள். அப்போதும் இழுபறி என்றால் மட்டும் முகத்தைப் பாருங்கள். முகக்குறி உப்பு மாதிரி, அதுவே சோறாகாது.