நீங்காத நீலப்பச்சைப் பாசி: கோயிற் குளத்திலும் கண்ணாடித் தொட்டியிலும்

கோடைக் காலத்தில் சித்தூர், திருப்பதிப் பகுதிகளிலுள்ள ஏரி குளங்களைப் பார்வையிடும் களப்பணியாளர், பச்சை வண்ணத்தைக் கரைத்து ஊற்றினாற்போன்ற ஒரு படலம் நீரின்மேல் பரந்திருப்பதைச் சில இடங்களில் காணக்கூடும். கடல் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியிலோ, கருஞ்சிவப்பு நிறமுள்ள வழுவழுப்பான ஆடையொன்று மணலையும் கற்களையும் மூடிக்கொள்வதுண்டு. இவ்விரண்டிற்கும் காரணமான உயிர்கள் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. எத்தனை முறை அள்ளி எறிந்தாலும் இவை மீண்டும் தோன்றுவது ஏன்? இவற்றை அடக்கும் வழி யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. உயிரின் இயல்பு

நீலப்பச்சைப் பாசி என்று வழங்கினும், இவ்வுயிர் உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்ததே. இதன் உயிரணுவில் உட்கரு இல்லை. பச்சையத்தோடு பைக்கோசயனின் என்னும் நீல நிறப்பொருளும், சிலவற்றில் பைக்கோஎரித்ரின் என்னும் சிவப்பு நிறப்பொருளும் உள்ளன. இவற்றின் அளவிற்கேற்ப நிறம் மாறுபடுகின்றது.

இவ்வுயிர்கள் முற்றிலும் தீயன அல்ல. இவற்றுட் சில காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நெல் வயலுக்கு உரமாக்குகின்றன என்பதை பி. கே. டே என்னும் இந்திய விஞ்ஞானி 1939 ஆம் ஆண்டில் விளக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டி. வி. தேசிகாச்சாரி இவ்வகுப்பைப் பற்றி எழுதிய விரிவான நூலை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1959 இல் வெளியிட்டது.

எனினும், தேங்கிய நீரில் அளவு கடந்து பெருகும்போது இவை கேடு விளைவிக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இப்பாசி மண்டிய ஏரி நீரைப் பருகிய கால்நடைகள் மாண்ட செய்தியை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878 இலேயே வெளியிட்டார். மைக்ரோசிஸ்டிஸ் முதலிய சில இனங்கள் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். நீரைக் காய்ச்சுவதால் அது அழிவதில்லை. குடிநீரில் இந்நஞ்சு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் இந்நஞ்சின் காரணமாகச் சுமார் ஐந்து லட்சம் மக்கள் குழாய் நீரைப் பருக வேண்டாமென எச்சரிக்கப்பட்டனர்.

2. நீங்காமைக்குக் காரணம்

மைக்ரோசிஸ்டிஸ் ஏருஜினோசா நிலையாகப் பெருகியிருந்த ஒரு கோயிற் குளத்தைப் பற்றி எஸ். வி. கணபதி என்பவர் ஆராய்ந்து, 1940 இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் கட்டுரை வெளியிட்டார். குறிப்பிட்ட பருவத்தில் தோன்றி மறைவதோடன்றி, இப்பாசி ஒரு குளத்தில் நிலைத்தும் வாழக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

நிலைத்து வாழ்வதற்கு வேண்டிய உணவுகளுள் முதன்மையானது பாஸ்பரஸ். 1973 இல் கனடா நாட்டில் ஓர் ஏரியைத் திரையிட்டு இரு பகுதிகளாகப் பிரித்து ஆராய்ந்தனர். ஒரு பகுதியில் கரியும் நைட்ரஜனும் மட்டும் இடப்பட்டன. மற்றதில் அவற்றோடு பாஸ்பரசும் இடப்பட்டது. பாஸ்பரஸ் சேர்ந்த பகுதியே பாசி பெருகிப் பச்சையாயிற்று.

குளத்தில் விழும் பூக்கள், உணவுப் பொருள்கள், சோப்பு நீர், சாக்கடை ஆகியவற்றிலிருந்து பாஸ்பரஸ் வந்து அடிச்சேற்றிற் படிகின்றது. பிராணவாயு குன்றும்போது அது சேற்றினின்று பிரிந்து மீண்டும் நீரிற் கலக்கின்றது. ஆதலால், மேலே மிதக்கும் பாசியை மட்டும் நீக்குவது, கிழங்கை மண்ணில் விட்டுவிட்டுக் கோரைப்புல்லின் தாளை மட்டும் அறுப்பதற்கு ஒப்பாகும்.

3. கண்டறியும் முறை

கையுறை அணிந்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு குளத்து நீரை எடுத்து, அசையாமல் ஓரிரவு வைத்திருக்க வேண்டும். நீலப்பச்சைப் பாசிகளுட் பலவற்றின் உயிரணுக்களில் காற்றறைகள் இருப்பதால் அவை மேலெழுந்து படலமாகும். சாதாரணப் பச்சைப் பாசி பெரும்பாலும் அடியிற் படியும். இது முதற்குறி மட்டுமே. உறுதி செய்ய நுண்ணோக்கியின் துணை வேண்டும். மாணவர் நீரைத் தொடாதவாறு ஆசிரியரே இதனைச் செய்து காட்டுதல் நன்று.

4. குளத்திற் செய்யத்தக்கவை

படலத்தைக் கண்டவுடன் மயில்துத்தம் தெளிப்பது சிலர் வழக்கம். இது ஆபத்தானது. பாசி ஒருங்கே மடியும்போது அதனுள்ளிருக்கும் நஞ்சு நீரில் வெளிப்படுகின்றது. அழுகலினால் பிராணவாயு குறைந்து மீன்கள் சாகின்றன. செம்பும் மீன்களுக்கு நஞ்சாகின்றது. எனவே முதலில் கால்நடைகளும் குழந்தைகளும் அந்நீரை அணுகாமற் செய்ய வேண்டும். பின்னர், சாக்கடை வரும் வழியை அடைத்தல், பூக்களையும் உணவுப் பொருள்களையும் தனியே சேர்த்தல், நீர் வற்றும் காலத்தில் தூர் வாருதல் ஆகியவற்றை முறையே மேற்கொள்ள வேண்டும். வாரிய வண்டலை வயலுக்கு எருவாக இடும் பழைய வழக்கம், குளத்திற்குக் கேடான பாஸ்பரஸைப் பயிருக்கு உதவியாக மாற்றுகின்றது. சாக்கடை கலந்த வண்டலாயின், முன்னதாகப் பரிசோதித்தல் வேண்டும்.

திருமலையிலுள்ள சுவாமி புஷ்கரிணியில் ஆண்டுதோறும் பிரம்மோற்சவத்திற்கு முன் நீரை வெளியேற்றித் தூய்மை செய்து புதுநீர் நிரப்புகின்றனர். கார்த்திகை மாதப் பஞ்சமி தீர்த்தத்தில் பெருந்திரளான மக்கள் நீராடும் திருச்சானூர்க் குளம் போன்ற இடங்களுக்கும் இத்தகைய ஒழுங்கான பராமரிப்பு இன்றியமையாதது.

5. கண்ணாடித் தொட்டியிற் செய்யத்தக்கவை

கடல்நீர்த் தொட்டியில் சிவப்பு ஆடை படர்ந்தால் பின்வரும் வரிசையில் செயல்படுக:

(அ) குழாய் வைத்து ஆடையை உறிஞ்சி வெளியேற்றி, அந்த அளவிற்குப் புதிய உப்புநீர் சேர்க்க வேண்டும்.
(ஆ) மீனுக்கு இடும் உணவைக் குறைக்க வேண்டும். எஞ்சிய உணவே பாஸ்பேட்டின் பெரும் ஊற்று.
(இ) கிணற்று நீரைத் தவிர்த்து, தலைகீழ்ச் சவ்வூடு முறையால் வடிகட்டிய நீரில் உப்பைக் கரைக்க வேண்டும்.
(ஈ) நீரோட்டம் எட்டாத மூலைகளில் ஆடை தடிக்கும். ஆகவே அங்கே சிறு பம்பினால் ஓட்டம் ஏற்படுத்த வேண்டும்.
(உ) நைட்ரேட்டை முற்றிலும் அகற்ற முயலலாகாது. பாஸ்பேட் எஞ்சியிருக்க நைட்ரேட் மட்டும் தீர்ந்துவிட்டால், நைட்ரஜனைப் பிடிக்கவல்ல இனங்களுக்கே அது வாய்ப்பாகும்.
(ஊ) மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியை மூடிவைப்பது ஆடையைத் தளர்த்தும். அப்போது காற்றூட்டம் குறையலாகாது. மேற்கூறிய காரணங்கள் நீங்காவிடில் ஆடை மீளும்.

எரித்ரோமைசின் போன்ற மருந்தை இடுவது, தொட்டியைத் தூய்மையாக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் தாக்கக்கூடும். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் தோன்றலாம். ஆதலின் இம்முறை பள்ளிக்கு ஏற்றதன்று. மேலும், பாறைகளைக் கட்டும் பவழங்கள் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பெற்றவை. கடலினின்று அவற்றை எடுத்து வந்து வளர்த்தல் குற்றமாகும்.

குளமாயினும் தொட்டியாயினும், பாசியைக் கொல்வதைவிட அதன் உணவை நிறுத்துவதே நிலைத்த பயன் தரும்.

பயிற்சி வினாக்கள்

1. பாசிப்படலம் உள்ள நீரைக் காய்ச்சிப் பருகலாகாது என்பது ஏன்?
2. மயில்துத்தம் இடுவதால் மீன்கள் இறப்பதற்குரிய இரு காரணங்களைக் கூறுக.
3. உங்கள் ஊர்க் குளத்தில் பாஸ்பரஸ் வந்து சேரும் வழிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் எளிதில் தடுக்கக்கூடியது எது என்று குறிப்பிடுக.