ஓடாத ஆர்.எக்ஸ். 8 வாங்கப்போகும் மருமகனுக்கு

திருகோணமலை

அன்புள்ள மருமகனுக்கு,

உட்துறைமுக வீதியில் நிற்கும் மஸ்டா ஆர்.எக்ஸ். 8ஐ நீ வாங்கப்போவதாக அக்கா சொன்னா. பற்றரி மட்டும்தான் இறங்கிப்போச்சு என்கிறாராம் விற்கிறவர். எஞ்சின் செத்துவிட்டது என்று வைத்தே விலை பேசு. உயிர் இருந்தால் அது உன் லாபம்.

அது பிஸ்டன் எஞ்சின் இல்லை. தலா 654 சிசி கொண்ட இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழல்கின்றன. ஒவ்வொரு முனையிலும் ஒரு சீல். அது தேய்ந்தால் கொம்பிரஷன் போய்விடும். அந்தச் சீல்களுக்காகவே எஞ்சின் ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். ஒயில் அளவு பார்க்காமல் ஓட்டியவரின் கையில் இருந்த கார் என்றால் எனக்குப் பயம்தான்.

எடுத்தவுடன் சாவியைத் திருப்பாதே. ஒயிலையும் கூலன்டையும் பார்த்துவிட்டு, எஞ்சினின் முன்பக்கப் பெரிய போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்று. சுற்றாவிட்டால் மிச்சத்தைப் பார்க்கத் தேவையில்லை.

விற்கிறவர் பொய் சொல்கிறார் என்றும் முடிவுகட்டாதே. சூடேறாத எஞ்சினை ஸ்டார்ட் செய்து, காரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு உடனே நிறுத்தினால் உள்ளே பெற்றோல் நிறைந்துவிடும், பிறகு பிடிக்காது. கொயில் பலவீனமானாலும் இதே கதைதான். நான்கு பிளக்குகளையும் கழற்று. நனைந்து பெற்றோல் மணந்தால் துடைத்துப் பூட்டி, நல்ல பற்றரி போட்டு, அக்சிலறேற்றரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்று. அப்படி மிதித்தால் புதிதாகப் பெற்றோல் வராது, உள்ளே தேங்கியது வெளியேறும்.

பிடித்துவிட்டது என்று காசை எண்ணிக் கொடுத்துவிடாதே. நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய். சூட்டில் அடம்பிடித்தால் பெரும்பாலும் சீல் தேய்ந்திருக்கும். கொம்பிரஷனைச் சாதாரண கேஜால் அளந்து ஏமாறாதே. ஒரு ரோட்டருக்கு மூன்று அறைகள், அந்தக் கேஜ் அவற்றில் ஆகக்கூடிய அழுத்தத்தை மட்டும் காட்டும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் மூன்றையும் தனித்தனியே எடுக்கவேண்டும். 250 ஆர்.பி.எம்.மில் ஏதாவது ஒன்று 100 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனாலும் எஞ்சினைப் பிரிக்கவேண்டிவரும்.

எஞ்சினைவிட எனக்குப் பெரிய கவலை உப்புக்காற்று. கடலுக்கு இவ்வளவு கிட்ட நின்ற காரின் அடியில் படுத்துப் பார்: சப்ஃபிரேம், பிரேக் பைப், பச்சை பூத்த ஏர்த் வயர்கள். கார்பெட்டைத் தூக்கிச் சேறு இருக்கிறதா என்றும் பார். மூதூர், வெருகல் பக்கத்து வெள்ளத்தில் நின்ற வாகனங்களும் விலைக்கு வரும். எஞ்சினைக் கட்டலாம், இற்றுப்போன உடலைக் கட்டமுடியாது.

இனி இப்படி ஒன்று கிடைக்காது என்று அவசரப்படுத்துவார்கள். 2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். ஆனாலும் 2012இல் உற்பத்தி நின்ற இந்தக் கார் இனி வராது என்பது உண்மை. அதனால்தான் சொல்கிறேன்: ரொயோட்டாவுக்குப்போலப் பஞ்சிகாவத்தையில் இதற்குப் பாகம் குவிந்து கிடக்காது.

பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அதை நீக்கித் தரும்வரை முற்பணம் கொடுக்காதே. செசி நம்பரை உன் கண்ணால் ஒப்பிட்டுப் பார்.

கொம்பிரஷன் எடுக்க விடமாட்டேன் என்றால் அந்தக் கார் வேண்டாம். விட்டால் எனக்கு ஒரு கோல் எடு, நானும் வருகிறேன்.

அன்புடன்,
மாமா