அமைப்பறிந்து ஆளுதல்

வீணை வல்லார் ஒருவர் அரங்கில் வந்து அமர்ந்தவுடன் இசைக்கத் தொடங்குவதில்லை. பிருடைகளைத் திருகித் தந்திகளை மீட்டிப் பார்த்துச் சுருதி கூட்டுகிறார். அவ்வீணை அவருடையதே, நேற்றும் அதனை வாசித்தவர் அவரே. எனினும், அன்று பாட எடுத்த பாட்டுக்கும் அமர்ந்த இடத்துக்கும் ஏற்ப அதனைத் தம் வயப்படுத்திக் கொள்கிறார்.

கணிப்பொறியைக் கையாளும் நம்மிற் பலர் இவ்வாறு செய்வதில்லை. கடையிலிருந்து எவ்வாறு வந்ததோ அவ்வாறே அதனைப் பயன்படுத்தி வருகிறோம். உலாவி, மின்னஞ்சல், காணொலிக் கூட்டம் ஆகிய மூன்றுக்கும் உரிய மென்பொருள்களில் 'அமைப்புகள்' என்னும் பகுதி ஒன்று உண்டு. பற்சக்கரம் போன்ற குறியையோ, மூன்று புள்ளிகளையோ, மூன்று கோடுகளையோ தொட்டால் அது திறக்கும். அதனுள் ஒருமுறையேனும் நுழைந்து பார்த்தவர் சிலரே. அங்கே நாம் எதனையும் தெரிவு செய்யவில்லை என்றால், நமக்காக வேறொருவர் முன்னரே தெரிவு செய்து வைத்திருக்கிறார் என்பது பொருள். அதனை இயல்பு அமைப்பு என்பர். அது தீயது என்று கொள்ள வேண்டா. கோடிக்கணக்கானோர்க்குப் பொதுவாகப் பொருந்துமாறு செய்யப்பட்டது அது. ஆயின், செய்தவருடைய நலமும் அதிற் கலந்திருக்கும்.

முதலில் உலாவியைக் காண்போம். வலைத்தளம் ஒன்றை நாம் திறக்கும்போது, நம் கணிப்பொறி அத்தளத்தின் வழங்கியிடம் ஒரு பக்கத்தைக் கேட்கிறது, வழங்கி தருகிறது. தந்தவுடன் அது நம்மை மறந்துவிடுகிறது. அடுத்த நொடியில் மீண்டும் கேட்டாலும் நாம் அதற்குப் புதியவரே. இம்மறதியால் ஒரு தொல்லை விளைந்தது. நூல் ஒன்றைத் தெரிந்து கூடையில் இட்டுவிட்டு மறுபக்கத்துக்குச் சென்றால், கூடை எவருடையது என்பதைக் கடை அறியாது. 1994ஆம் ஆண்டில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி என்னும் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். பெரிய துணிக்கடைகளின் வாயிலில் நம் பையை வாங்கி வைத்துக்கொண்டு எண்ணிட்ட டோக்கன் ஒன்றைத் தருகிறார்கள் அல்லவா? அதுபோல வழங்கி ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் தந்து வைக்கும்; மறுமுறை செல்லும்போது உலாவி அதனைக் காட்டும்; வழங்கி நம்மை அடையாளம் கண்டுகொள்ளும். அக்குறிப்பே குக்கீ எனப்படுவது.

இஃது இல்லையேல் ஒவ்வொரு சொடுக்குக்கும் நாம் கடவுச்சொல்லைத் தரவேண்டியிருக்கும். ஆதலின், குக்கீகள் அனைத்தையும் ஒழிக்க முயல்வது பயனற்ற வேலை. தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. செய்தித்தளம் ஒன்றைப் படிக்கிறோம் எனக் கொள்வோம். பக்கத்தின் ஓரத்தில் தோன்றும் விளம்பரம் பெரும்பாலும் அத்தளத்துக்கு உரியதன்று. விளம்பர நிறுவனம் ஒன்றின் வழங்கியிலிருந்து வருவது. அந்நிறுவனமும் தன் குக்கீயை நம் உலாவியில் இட்டுவிடும். பின்னர் நாம் காலணி வாங்கச் சென்றாலும், நோய் ஒன்றைப் பற்றிப் படிக்கச் சென்றாலும், ஆங்கு அதே நிறுவனத்தின் விளம்பரம் இருப்பின் உலாவி அதே டோக்கனைக் காட்டிவிடும். கடைதோறும் நின்று, நாம் எங்கெங்கே நுழைகிறோம் என்று குறித்துக்கொள்ளும் ஒருவனைத் தெருவிற் கண்டால் வாளா இருப்போமா?

இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் அமைப்பு உலாவிகளில் உண்டு. பின்தொடரும் குக்கீகளை ஃபயர்பாக்ஸ் 2019ஆம் ஆண்டில் தானே தடுக்கத் தொடங்கியது. சஃபாரி 2020இல் மூன்றாம் தரப்புக் குக்கீகள் அனைத்துக்கும் கதவடைத்தது. குரோம் உலாவியை ஆக்கும் கூகுள் நிறுவனமோ, 2020இல் அவற்றை நீக்குவதாக அறிவித்து, மீண்டும் மீண்டும் நாள் கடத்தி, 2024இல் அம்முடிவையே கைவிட்டது. அந்நிறுவனத்தின் வருவாயிற் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது என்பதை நினைந்தால் இதில் வியப்பொன்றும் இல்லை. ஆகவே, குரோமைப் பயன்படுத்துவோர் தனியுரிமைக்குரிய பகுதியுட் சென்று தாமே தடுத்துக்கொள்ளல் நன்று.

பள்ளியிலும் நூலகத்திலும் பலர் பயன்படுத்தும் கணிப்பொறியில் அமர்வோர், 'கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா?' என உலாவி வினவும்போது மறுத்தல் வேண்டும். அத்தகைய இடங்களுக்கு ஏற்றது மறைநிலைச் சாளரம். அதனை மூடியவுடன், சென்று வந்த தளங்களின் பட்டியலும் குக்கீகளும் அக்கணிப்பொறியினின்றும் அழிந்துபோம். ஆனால், அதன் பெயரைக் கண்டு மயங்குவோர் பலர். இணைப்பை வழங்கும் நிறுவனத்தின் பார்வையிலிருந்தும், நாம் செல்லும் தளத்தின் பார்வையிலிருந்தும் அது நம்மை மறைப்பதில்லை.

இனி மின்னஞ்சல். இஃது உலாவியினும் மூத்தது. ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், 1971ஆம் ஆண்டிலேயே வலையத்தின் வழியாக ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு அஞ்சல் அனுப்பிக் காட்டினார். பெறுபவரின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் இணைக்கும் சுழிக்குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அக்காலத்து அஞ்சலில் எழுத்தன்றிப் பிறிதொன்றும் இல்லை. இன்றைய அஞ்சல்களிலோ படங்கள் நிறைந்துள்ளன. அவற்றிற் பல அஞ்சலின் உள்ளே இருப்பன அல்ல. நாம் அஞ்சலைத் திறக்கும்போது அனுப்பியவருடைய வழங்கியிலிருந்து வருவிக்கப்படுவன. கண்ணுக்குப் புலப்படாத ஒரு புள்ளியளவு படத்தை உள்ளே வைத்தாலும் போதும். நாம் அஞ்சலைத் திறந்த செய்தியும் நேரமும் அனுப்பியவரை எட்டிவிடும். 'வெளிப்படங்களைக் காட்டுமுன் கேட்க' என்னும் அமைப்பைத் தெரிவு செய்தால் இது நின்றுவிடும்.

வில்லினின்று விடுபட்ட அம்பும் வாயினின்று வந்த சொல்லும் மீளா என்பர். மின்னஞ்சலும் அத்தகையதே. எனினும், ஜிமெயிலில் 'அனுப்பியதைத் திரும்பப் பெறுக' என்று ஒரு வசதி இருக்கிறதே எனலாம். உண்மையில் அங்கே அம்பு மீள்வதில்லை. நாணிலேயே சிறிது நேரம் நிறுத்தி வைக்கப்படுகிறது. இயல்பாக அந்நேரம் 5 நொடி. அமைப்பை மாற்றினால் 10, 20, 30 நொடி வரை நீட்டலாம். சினத்தோடு எழுதிய மடலை அனுப்பிவிட்டு வருந்துவோர்க்கு 5 நொடி போதாது. 30 நொடியில் அறிவு திரும்பக் கூடும். 'மறுமொழி', 'அனைவர்க்கும் மறுமொழி' ஆகிய இரண்டில் எது முன்னிற்க வேண்டும் என்பதையும் அங்கேயே தெரிவு செய்யலாம். முன்னதே முன்னிற்பது தக்கது. ஒருவர்க்கு மட்டும் உரைக்கத்தக்கதை ஊரறியச் செய்துவிடும் இடர் அதனால் குறையும்.

மின்னஞ்சல் அமைப்புகளுள் நான் தலையாயதாகக் கருதுவது வேறொன்று. வருகின்ற மடல்களைத் தானாகவே மற்றொரு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி அது. பிறருடைய அஞ்சற்கணக்கினுள் புகுந்த கள்வர் சிலர், எதனையும் திருடாதவர் போலத் தம் முகவரியை அவ்விடத்தில் எழுதிவிட்டு வெளியேறுகின்றனர். கணக்குக்குரியவர் பின்னர் ஐயுற்றுக் கடவுச்சொல்லை மாற்றினாலும் பயனில்லை. பூட்டை மாற்றியும் புறச்சுவரில் துளை இருப்பது போல, மடல்களின் படிகள் கள்வரிடம் போய்க்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு இருமுறையேனும் அப்பகுதியைத் திறந்து பார்த்தல் வேண்டும். கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி வைத்தால், கள்வர் உள்ளே புகுவதே அரிதாகும்.

தமிழில் எழுதுவோர் அமைப்புகளால் பட்ட பாட்டையும் இங்குக் குறிப்பிடலாம். யூனிகோடு என்னும் பொதுக்குறியீட்டில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும், அது பரவுதற்கு முன் எழுத்துருவுக்கு ஒரு குறியீடாக வழங்கியமையால், ஒருவர் அனுப்பிய தமிழ் மடல் மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. யூனிகோடு வந்த பின்னும், உலாவியின் குறியாக்க அமைப்பை யூ.டி.எஃப்-8 என மாற்றினால்தான் எழுத்துப் புலப்படும் என்னும் நிலை சில காலம் இருந்தது. இன்று அவ்வமைப்பைத் தேட வேண்டிய தேவை அரிது.

காணொலிக் கூட்டங்கள் முன்னரே இருந்தனவாயினும், 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றே அவற்றை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. சூம் மென்பொருளின் வழியாக 2019 திசம்பரில் நாள் ஒன்றுக்கு மிகுதியாக 1 கோடிப் பேர் கூடினர். 2020 மார்ச்சில் அத்தொகை 20 கோடியைக் கடந்தது என்று அந்நிறுவனம் கூறியது. கதவில்லா மண்டபத்தில் கூட்டம் பெருகினால் நிகழ்வது யாது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இணையவழியே பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அறிமுகமற்ற ஒருவன் உள்ளே புகுந்து இழிசொல் கூறினான். பின்னர் அவ்வாசிரியருடைய இல்ல முகவரியையும் உரக்கக் கூவினான். அந்நாட்டுக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை இதனை எடுத்துக்காட்டி 2020 மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் எச்சரிக்கை விடுத்தது. கடவுச்சொல்லும், வருவோரை வாயிலில் நிறுத்தி வைக்கும் காத்திருப்பு அறையும் அம்மென்பொருளில் முன்னரே இருந்தன. ஆனால், பலர் அவற்றை இயக்கவில்லை. ஏப்ரல் 5ஆம் நாள் முதல், பள்ளிகளுக்கும் இலவசமாகப் பயன்படுத்துவோர்க்கும் அவை தாமே இயங்குமாறு நிறுவனம் இயல்பு அமைப்பை மாற்றியது. புதிய கருவி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கருதுக. இருந்த தாழ்ப்பாள் போடப்பட்டது, அவ்வளவே.

கூட்டத்தை நடத்துவோர், திரையைப் பகிரும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளல் நலம். கலந்துகொள்வோர், 'ஒலிவாங்கி அடைத்த நிலையில் நுழைக' என்பதைத் தெரிவு செய்துகொண்டால், வீட்டு மிக்சியின் ஓசை வகுப்பினர் அனைவர் காதிலும் விழாது. ஒரே அறையில் இருவர் தனித்தனிக் கருவியில் அமர்ந்தால் ஒன்றன் ஒலி மற்றொன்றுட் புகுந்து ஊளையாக மாறும். இருவரும் காதணிக் கருவியைப் பூண வேண்டும். திரையைப் பகிரும்போது முழுத் திரையையும் காட்டாமல், வேண்டிய சாளரத்தை மட்டும் காட்டுக. நுழையுமுன் நம் உருவத்தை நமக்கே காட்டும் முன்னோட்டம் ஒன்றும் உண்டு. அதனை இயக்கி வைக்காதவர் பலர்.

அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில், 394ஆம் மாவட்ட நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் காணொலி வழியே கூடியது. வழக்கறிஞர் ஒருவருடைய முகம் இருக்கவேண்டிய இடத்தில், பெரிய கண்களோடு மருண்டு விழிக்கும் வெண்பூனைக் குட்டி ஒன்று தோன்றியது. அவர் அமர்ந்திருந்த கணிப்பொறி அவர்தம் செயலாளருடையது. முகத்தைப் பூனையாக்கும் வடிகட்டி அதில் முன்னரே இயக்கப்பட்டிருந்தது. அதனை நீக்க வழி தெரியாத அவர், தாம் நேரில் இருப்பதாகவும், தாம் பூனை அல்லர் என்றும் நீதிபதியிடம் முறையிட்டார். நீதிபதி சிறிதும் சினவாது, காணொலி அமைப்புகளில் வடிகட்டி ஒன்று இயங்குவதாகவும், அங்கே பார்க்குமாறும் எடுத்துரைத்தார். சிறிது நேரத்தில் பூனை மறைந்து வழக்கறிஞர் தோன்றினார், வழக்கும் தொடர்ந்தது.