டொராண்டோவுக்கு இரண்டு டிக்கெட்

அன்புள்ள ஐயா,

தங்கள் கடிதமும், கூடவே வைத்திருந்த இரண்டு அச்சுத் தாள்களும் கிடைத்தன. மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, பிரசவத்துக்கு முன்பே நீங்களும் அம்மாவும் டொராண்டோ போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். நம்மூர்த் தளத்தில் ஆளுக்கு 82,000 ரூபாய் காட்டுகிறது, வெளிநாட்டுத் தளத்தில் 71,000 தான், வாங்கலாமா, இல்லை ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருச்சியில் பல ஆண்டுகள் டிக்கெட் போடும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இப்படிப்பட்ட குறைந்த விலை பெரும்பாலும் மெய்யான விலைதான். விமான நிறுவனங்கள் ஒரே இருக்கைக்கு ஒரே விலை வைப்பதில்லை. எந்த நாட்டில், எந்த நாணயத்தில் விற்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தனித்தனியாகக் கட்டணம் பதிவு செய்கின்றன. நேபாளத்தின் உள்நாட்டு விமானங்களில் நேபாளிக்கு ஒரு விலை, இந்தியருக்கு ஒரு விலை, மற்ற வெளிநாட்டவருக்கு ஒரு விலை. நம் இந்தியன் ஏர்லைன்ஸே ஒரு காலத்தில் வெளிநாட்டவரிடம் டாலரில் தனிக் கட்டணம் வாங்கியது. இதெல்லாம் பழைய வழக்கம். இப்போது அது உங்கள் கைபேசித் திரைக்கே வந்துவிட்டது, அவ்வளவுதான். இன்னொரு காரணமும் உண்டு. சில தளங்கள் டிக்கெட்டைத் தாங்கள் வாங்கிய விலைக்கும் குறைவாகவே காட்டும். உங்களை உள்ளே இழுத்த பிறகு இருக்கைத் தேர்வு, பெட்டி, காப்பீடு என்று ஒவ்வொன்றிலும் எடுத்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுத் தம்பி, திரும்பத் திரும்பத் தேடினால் கணினி நம்மை நினைவு வைத்துக்கொண்டு விலையை ஏற்றிவிடும் என்றாராம். அதை நம்பிப் பதற்றப்பட வேண்டாம். ஒரே விமானத்தில் ஒரே வகுப்பு இருக்கைகளைப் பல விலைக் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் கொடுத்திருப்பார்கள். மலிவான கட்டு விற்றுத் தீர்ந்தால் அடுத்த கட்டு திறக்கும். மலிவான கட்டில் ஒரே ஓர் இருக்கை மிச்சமிருக்கும்போது இரண்டு பேருக்குத் தேடினால், இரண்டு டிக்கெட்டுமே விலை கூடிய கட்டிலிருந்துதான் வரும். அதனால் முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள்.

இனி, நீங்கள் அனுப்பிய இரண்டாவது தாளுக்கு, அந்த 71,000 ரூபாய் டிக்கெட்டுக்கு வருகிறேன். அதைப் பார்த்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. ஃப்ராங்க்ஃபர்ட் என்று போட்ட வரிக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில், 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று இருக்கிறது. நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு டிக்கெட்டுகளை ஒட்டவைத்து ஒரே பயணம் போலக் காட்டியிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். சென்னையில் போட்ட பெட்டி டொராண்டோவுக்குப் போகாது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, அடுத்த விமானத்துக்கு மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும். வெளியே வருவதென்றால் ஜெர்மனிக்குள் நுழைவது. அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். உங்களிடம் இருப்பது கனடா விசா. இந்த டிக்கெட்டோடு போனால் சென்னைக் கவுன்ட்டரிலேயே உங்களை நிறுத்திவிடுவார்கள். விசா இருந்தாலும், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. அந்த டிக்கெட் போனதுதான்.

இதுவே சென்னையிலிருந்து டொராண்டோ வரை ஒரே டிக்கெட் என்றால், தாமதத்துக்கு விமான நிறுவனமே பொறுப்பு. அடுத்த விமானத்தில் அதுதான் ஏற்றிவிட வேண்டும். டிக்கெட்டை எந்த நாட்டுத் தளத்தில் வாங்கினீர்கள் என்பது அந்தப் பொறுப்பை மாற்றாது.

என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மெல்பர்னில் இருக்கும் மருமகளின் பிரசவத்துக்காக, அவள் மகன் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் டிக்கெட் வாங்கினான். என்னைக் கேட்கவில்லை, எனக்கும் அப்போது வருத்தமில்லை. பி.என்.ஆர். என்னும் ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடு வந்தது. விமான நிறுவனத்தின் பக்கத்தில் அடித்தால் அக்காவின் பெயரும் வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லி, பிரசவ லேகியம் கிளறி, பெட்டி கட்டினாள். சென்னை விமான நிலையத்தில் கவுன்ட்டர் பெண் கணினியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, புக்கிங் இருக்கு. டிக்கெட் போடலையே." தளம் பணத்தை எடுத்துக்கொண்டது, இடத்தைப் பிடித்து வைத்தது, டிக்கெட்டை மட்டும் வெளியிடவேயில்லை. நிறுவனத்தைக் கேட்டால் முகவரைக் கேளுங்கள் என்றார்கள். முகவர் என்பது எங்கோ ஒரு நாட்டில், அரட்டைப் பெட்டியில் மட்டும் பேசும் ஒரு பெயர். பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அக்கா அழுததை என்னால் மறக்க முடியவில்லை. நாலு நாள் கழித்து, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலையில் வேறு டிக்கெட் வாங்கிப் போனாள். குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அதனால்தான் பி.என்.ஆரோடு நிற்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். டிக்கெட் என்பது 13 இலக்க எண். முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு 098, லுஃப்தான்ஸாவுக்கு 220. அந்த எண் கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட் வந்ததாகக் கணக்கு.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தொல்லை. தலைப்பெழுத்தும் ஒற்றைப் பெயரும் வைத்திருக்கும் நம்மிடம் அந்தத் தளங்கள் குடும்பப் பெயர் கேட்கும். ஓர் எழுத்தை மட்டும் போட்டால் பல தளங்கள் ஏற்காது. உடனே யாராவது ஊர்ப்பெயரையோ செல்லப்பெயரையோ போட்டுவிடுவார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், பெயரையே இரண்டு முறை போடுவதா, முதல் பெயர் தெரியாது என்பதற்கான எஃப்.என்.யூ. என்று போடுவதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவர்களிடமே கேட்டுவிட்டுப் போடுங்கள். வெளிநாட்டு முகவர் போட்ட டிக்கெட்டில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் அந்த முகவரிடம்தான் கெஞ்ச வேண்டியிருக்கும்.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். 71,000 ரூபாயை அந்நிய நாணயத்தில் செலுத்தினால் வங்கி 3.5 சதவீதம் வரை கட்டணம் எடுக்கும். அது 2,485 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 447. ஆக 2,932. தளம் ரூபாயிலேயே விலை காட்டினாலும், பணம் போவது வெளிநாட்டுக்கு என்றால் சில வங்கிகள் இதற்கும் கட்டணம் போடுகின்றன. நீங்கள் அனுப்பிய அந்த இரண்டாவது தாளில் கைப்பை மட்டும்தான் சேர்த்தி. அம்மா வற்றல், பொடி, குழந்தைத் துணி எதுவும் இல்லாமல் கிளம்புவாரா? பெட்டிக்குப் பணம் கட்டினால் 11,000 ரூபாய் வித்தியாசத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டுகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

சட்டம் நமக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. முகவர் மூலம் வாங்கினாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே என்கிறது நம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் விதி. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படி தரலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 1915-ஐ அழைத்துப் புகாரும் சொல்லலாம். ஆனால் இந்தியாவில் ஓர் அறைகூட இல்லாத தளத்தின் மீது தீர்ப்பு வாங்கினாலும், அதை எந்தக் கதவில் கொண்டுபோய் ஒட்டுவது?

ஆகவே என் தீர்ப்பு இது. எங்கு வேண்டுமானாலும் தேடுங்கள். எந்த விமானம், எந்த நாள் என்று தெரிந்ததும் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் வாங்குங்கள். இரண்டு மூன்றாயிரம் கூடினாலும் பரவாயில்லை. தனியாக, இளம் வயதில், நாள் தள்ளினாலும் பாதகமில்லாத ஒருவர் வெளிநாட்டுத் தளத்தில் வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். அவருக்கும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும், கிரெடிட் கார்டில் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். தகராறு என்றால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தை மீட்க வழியுண்டு. பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கு நாள் தள்ளிப்போடும் வசதி கிடையாது.

பணம் கட்டும் முன் அந்தக் கடைசித் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். இரவு எத்தனை மணியானாலும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன். பேரப்பிள்ளை பிறந்ததும் இரண்டு வரி எழுதுங்கள், ஐயா.

அன்புடன்,
தங்கள் நண்பன்