போர்னா நோய்: பழி குதிரை மேல், வைரஸ் மூஞ்சூறிடம்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், லைப்சிக் நகருக்குத் தெற்கே உள்ள சிற்றூர் போர்னா. 1890களின் நடுவில் அங்கிருந்த குதிரைப்படையின் குதிரைகள் வரிசையாகச் செத்தன. வாயில் கவ்விய வைக்கோலை மெல்ல மறந்து, சுருட்டுப் பிடிப்பவரைப் போல அப்படியே நிற்கும்; சுவரில் தலையை முட்டும்; வட்டமடிக்கும்; சில வாரங்களில் விழுந்துவிடும். ஊரின் பெயரே நோய்க்கு நிலைத்தது. கூடவே தப்பெண்ணங்களும் வளர்ந்தன.

நம்பிக்கை: நோய் கண்ட குதிரையை நெருங்கினால் தொற்றிக்கொள்ளும்.

உண்மை: தொற்றாது. குதிரை, செம்மறி, அல்பாக்கா மூன்றும் இந்த வைரஸுக்கு முட்டுச்சந்து. அவற்றின் நரம்பிலும் மூளையிலும் அது அடைபட்டுக் கிடக்கும். வைரஸைச் சுமந்து திரிவது இருநிற வெண்பல் மூஞ்சூறு. அதற்கு ஒரு கேடும் வராது. ஆனால் எச்சிலிலும் சிறுநீரிலும் மலத்திலும் வைரஸை விட்டுக்கொண்டே இருக்கும். மூஞ்சூறு எலி இனமல்ல, பூச்சி தின்னும் பிராணி. ஒரே கொட்டிலில் இரண்டு குதிரைகள் விழுந்தால் தீவன அறையில் மூஞ்சூறு நுழைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

மூளையைச் சிதைப்பதும் பெரும்பாலும் வைரஸ் அல்ல. அதை விரட்ட வரும் உடலின் எதிர்ப்பு அணுக்களே.

நம்பிக்கை: மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் காரணம் இந்த வைரஸ்தான்.

உண்மை: இது ஆய்வகத்திலேயே பிறந்த நம்பிக்கை என்பதால் எளிதில் சாகவில்லை. 1985இல் மனநோயாளிகள் சிலரின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருள் இருப்பதாக ஓர் ஆய்வு சொன்னது. சோர்ந்து நிற்கும் குதிரை, சோர்ந்த மனிதர். கதை பொருந்தியதும் பலர் நம்பினார்கள். பிறகு பார்த்தால், பல ஆய்வகங்களில் ‘கிடைத்த’ வைரஸ் அங்கேயே வளர்த்த வைரஸ், மாதிரிகளில் கலந்துவிட்டதுதான். 2012இல், எது நோயாளியின் ரத்தம், எது நலமானவரின் ரத்தம் என்று சொல்லாமலேயே சோதிக்க வைத்தார்கள். தொடர்பு எதுவும் தெரியவில்லை.

நம்பிக்கை: அப்படியானால் மனிதருக்கு இது வரவே வராது.

உண்மை: அதுவும் தப்பு. ஒரே கொடையாளியின் உறுப்புகளைப் பெற்ற மூவருக்கு இது தொற்றி, இருவர் இறந்ததை 2018இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2020 முதல் அங்கே மனிதருக்கு வரும் தொற்றை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஆண்டுக்குச் சில பேருக்குத்தான் வருகிறது. வந்தால் பிழைப்பவர் மிக அரிது.

நம் வீட்டு மூஞ்சூறு வேறு இனம். அதை அடிக்கக் கம்பு எடுக்க வேண்டாம். ஜெர்மனியின் பவேரியா, சாக்சனி, துரிங்கியா பக்கம் வசிப்பவர்கள் மட்டும் தோட்டத்தில் செத்துக் கிடக்கும் மூஞ்சூறை வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு, கிருமிநாசினியால் நனைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.